வெள்ளியும் ஞாயிறும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

அயல்நாட்டில் நம்மவர் வாழ்வும் விழா நாட்களும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு ரயில்வேயில் எழுத்தனாக நுழைந்தவன். பல ஆண்டுகளாக என் மேசை மீது இருப்பது ஊழியர்களின் விடுப்புப் பதிவேடு. யாருக்கு எத்தனை நாள் கணக்கில் மிச்சம் இருக்கிறது, யார் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறார், யார் போக முடியாமல் நிற்கிறார் என்பதெல்லாம் என் விரல் நுனியில் உண்டு. அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, 2023-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டிப் பன்னிரண்டு நாட்கள் சிங்கப்பூரில் தங்கியிருந்தபோது, அந்நகரத்து மாளிகைகளைக் காட்டிலும் அங்குள்ள விடுமுறைக் கணக்கே என் கருத்தை அதிகம் ஈர்த்தது. ஆகையால் மாளிகைகளைப் பற்றிக் கேட்க விரும்புவோர் என்னை மன்னிக்க வேண்டும். அவற்றைப் படம் பிடித்துக் காட்ட இன்று எல்லாருடைய கையிலும் கருவி இருக்கிறது.

நம் பாட்டனார் காலத்தில் அக்கரைச் சீமைக்குப் போவது என்றால் கப்பல்தான். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குப் பின் ஓடிய 'சிதம்பரம்' 1985-இல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தக் கப்பற் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது. இன்று திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். நாகபுரியிலிருந்து திருச்சிக்குப் போக எனக்குப் பிடித்த நேரமோ இருபத்து நான்கு மணிக்கும் மேலே! தூரம் என்பது மைலில் இல்லை என்று அன்றுதான் தெளிந்தேன்.

ரயில்வேக்காரன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் என்றோர் ரயில் நிலையம் உண்டு. 1932-இல் திறக்கப்பட்டது. நிலையமும் அதிலிருந்து புறப்பட்ட தண்டவாளமும் மலேசிய ரயில்வேக்கு உரியவையாக இருந்தன. 2011 ஜூன் 30-ஆம் நாள் இரவு அங்கிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. ஜோகூர் சுல்தான் தாமே அதை ஓட்டிச் சென்றார். அந்தக் காலத்து மலாயா ரயில்வேயில் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அமர்ந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர் மிகப் பலர். பாதை போட்டும் பாதையைக் காத்தும் உழைத்தவர்களில் தமிழகத்துக் கூலிகள் மிகப் பலர். ஆக, நம் தொழிலில் நமக்கு முன்பே அக்கரை கண்ட மூத்தோர் உண்டு. மூடிய அந்த நிலையத்தை வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். உடன் வந்தவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

விடுமுறைக்கு வருவோம். சிங்கப்பூரில் ஆண்டுக்குப் பதினொரு நாட்கள் பொது விடுமுறை. சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள், முஸ்லிம்களின் இரு பெருநாட்கள், பௌத்தர்க்கு விசாக தினம், கிறித்தவர்க்குப் பெரிய வெள்ளியும் கிறிஸ்துமஸும், நமக்குத் தீபாவளி, இவற்றோடு ஆங்கிலப் புத்தாண்டு, மே தினம், தேசிய தினம். விடுமுறை ஞாயிறன்று வந்தால் மறுநாள் திங்கட்கிழமை விடுமுறையாகிவிடும். இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது, நம் அலுவலகத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் புதிய நாட்காட்டி வந்ததும் எத்தனை பண்டிகை ஞாயிறில் 'வீணாகிறது' என்று எண்ணிப் பெருமூச்சு விடும் நண்பர்களை நினைத்துக் கொண்டேன்.

தைப்பூசம் முன்பு அங்கே பொது விடுமுறையாக இருந்தது. 1968 முதல் அந்த நாள் பட்டியலில் இல்லை. எல்லைக்கு அப்பால் பினாங்கிலும் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அது இன்றும் விடுமுறை. ஆனால் சிங்கப்பூரில் தைப்பூசம் நின்றுவிட்டதா? இல்லை. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டுத் தேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகளும் பால்குடங்களும் ஆண்டுதோறும் செல்கின்றன. காவடி எடுப்போர் தம் சொந்த விடுப்பில் ஒரு நாளைக் கழித்துக்கொண்டு எடுக்கிறார்கள். அந்த விடுப்பின் அளவைச் சொன்னால் அதன் அருமை தெரியும். முதலாண்டு ஊழியருக்குச் சட்டம் தரும் குறைந்த அளவு ஏழே நாட்கள். ஆண்டுக்கு ஒன்றாகக் கூடி எட்டாம் ஆண்டில் பதினான்கு. ஆண்டுக்கு முப்பது நாள் சம்பள விடுப்பும், அதனை முந்நூறு நாள் வரை சேர்த்து வைக்கும் உரிமையும் பெற்றிருக்கிற நாம், ஏழில் ஒன்றை முருகனுக்குக் கொடுப்பது எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொங்கலும் அங்கே விடுமுறை அன்று. ஆயினும் 1952-இல் 'தமிழ் முரசு' ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள், சமயம் சாதி பாராமல் தமிழர் அனைவரும் கூடும் நாளாகத் 'தமிழர் திருநாள்' என்றொரு விழாவைப் பொங்கலை ஒட்டித் தொடங்கி வைத்தார். பேச்சும் பாட்டும் நாடகமும் போட்டிகளுமாக நடந்த அவ்விழா மலாயா முழுதும் பரவியது. அரசு கொடுத்த விடுமுறையில் விழாக் கொண்டாடுவது ஒரு வகை. விடுமுறையே இல்லாத நாளை விழாவாக்கிக் கொள்வது மற்றொரு வகை. ஜனவரி மாதத்தில் விருப்ப விடுமுறையாக ஒரு நாள் எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தக் காலனி மைதானத்தில் செங்கல் அடுப்பு மூட்டிப் பொங்கல் பானை வைக்கும் நம் தாய்மார்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள்.

நான் தங்கியது என் பள்ளித் தோழர் வீட்டில். கணிப்பொறித் துறையில் நல்ல உத்தியோகம். மனைவியும் இரு குழந்தைகளும் உடன் இருக்கிறார்கள். உடன் இருக்கிறார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அயல்நாட்டு ஊழியர் மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 6,000 வெள்ளிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. டாலரை அங்கே தமிழர் 'வெள்ளி' என்றே சொல்வர். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் அனுமதிச் சீட்டில் வருகிறவர் குடும்பத்தை அழைத்துவர வழியே இல்லை. ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் வந்த இரண்டு தமிழர், இறங்கியவுடன் இரண்டு வகையான வாழ்வுக்குள் போய்விடுகிறார்கள்.

தோழரின் குடும்பம் வாடகைக்கு இருப்பது வீ.வ.க. அடுக்குமாடியில். அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியது. அந்நாட்டு மக்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் இத்தகைய வீடுகளில் வாழ்கிறார்கள். ஒரே இனத்தார் ஓரிடத்தில் குவிந்துவிடாதபடி 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் இன்ன இனத்தார் இவ்வளவு விழுக்காடு என்று அளவு வகுத்திருக்கிறார்கள். ஆகவே தோழரின் வாசலுக்கு ஒருபுறம் சீனக் கிழவி, மறுபுறம் மலாய்க் குடும்பம். சீனப் புத்தாண்டுக்கு அந்த அம்மையார் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் ஏந்திக் கொடுப்பாராம். நம் நாகபுரிச் சந்தராவுக்கு நெருங்கிய உறவினம் அந்தப் பழம். தீபாவளிக்கு இவர்கள் அவருக்கு முறுக்குக் கொடுப்பார்கள். அவருக்குப் பல் இல்லாமையால் அதை நீரில் ஊறவைத்துத் தின்பதாகத் தோழரின் மகள் சொல்லிச் சிரித்தாள்.

பட்டாசு மட்டும் கிடையாது. 1972 முதல் அங்கே தடை. கம்பி மத்தாப்புக் கொளுத்தலாம். காதைச் செவிடாக்காத தீபாவளி எனக்கு முதல் நாள் சப்பென்று இருந்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. நிலத்தடி ரயிலில், நடைமேடை இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் எச்சரிக்கை ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழிலும் ஒலிக்கக் கேட்டது எனக்குப் பட்டாசைக் காட்டிலும் இனித்தது. தமிழ் அங்கே நான்கு அதிகார மொழிகளுள் ஒன்று. தோழரின் குழந்தைகள் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். நம் காலனிக் குழந்தைகள் எங்கே படிக்கிறார்கள் என்ற கேள்வியை இன்று எழுப்பினால் கூட்டம் நீளும். விட்டுவிடுகிறேன்.

இனி, நான் சிங்கப்பூர் சென்ற உண்மையான காரணத்துக்கு வருகிறேன். என் தமக்கையின் மகன் அங்கே கட்டடத் தொழிலாளியாக இருக்கிறான். மன்னார்குடிப் பக்கம். 2022-இல் போனவன் அதுவரை ஊர் திரும்பவில்லை. "நீ போய் ஒரு கண் பார்த்துவிட்டு வா தம்பி" என்று அக்காள் அதிரசமும் முறுக்கும் டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள்.

சிராங்கூன் சாலையையும் தேக்கா சந்தையையும் சுற்றிய பகுதியைக் 'குட்டி இந்தியா' என்கிறார்கள். வார நாட்களில் அது கடைத்தெரு. ஞாயிறு பிற்பகலில் அது தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டங்களின் சந்திப்பு நிலையம். தூரத்து விடுதிகளிலிருந்து தொழிலாளர் வந்து இறங்குகிறார்கள். இன்ன ஊரார் இன்ன மரத்தடி, இன்ன ஊரார் இன்ன கடையோரம் என்று எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. ஊரில் எதிர்வீட்டுக்காரனைத் தேட வேண்டுமானால் அந்த மரத்தடிக்குப் போனால் போதும். பணம் அனுப்பும் கடையில் வரிசை, முடிதிருத்தும் கடையில் வரிசை, சாப்பாட்டுக் கடையில் வரிசை. எங்கள் மருமகன் கூட்டத்தில் என்னைக் கண்டதும் "மாமா!" என்று கூப்பிட்ட குரலுக்கு, வேறு மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

2023-இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. விடுதியில் பன்னிரண்டு பேருக்கு ஓர் அறை. குளியலறையில் கூட்டம் சேருமுன் அதிகாலை மூன்று மணிக்கே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டானாம். புதுச்சட்டை. வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டோம். பிறகு புல்தரையில் அமர்ந்து டப்பாவைத் திறந்தோம். அவன் அறைத் தோழர் எட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். அதிரசம் ஆளுக்குப் பாதிதான் வந்தது.

பேச்சுவாக்கில் கேட்டேன், "ஒவ்வொரு ஞாயிறும் இப்படி வருவாயா?" என்று. அவன் சிரித்தான். "மாமா, இது எனக்கு இங்கே ஏழாவதோ எட்டாவதோ ஞாயிறு. மற்றதெல்லாம் வேலை" என்றான்.

விடுப்புப் பதிவேடு எழுதுகிறவனுக்கு இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? கணக்குப் போட உட்கார்ந்தேன். அவனுக்கு அடிப்படை நாட்கூலி 24 வெள்ளி. முதலாளி கேட்டு ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் கூலி, அதாவது 48 வெள்ளி. அன்றைய மாற்று விலையில் நம் பணம் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். பொது விடுமுறையில் வேலை செய்தால் கூடுதலாக ஒரு நாள் கூலி. சட்டப்படி வாரம் ஒரு நாள் ஓய்வு அவனுக்கு உண்டு. முதலாளி அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியது கடன். போவதற்கு ஊர்த் தரகர் ஒருவருக்குக் கொடுத்தது மூன்றரை லட்சம். அக்காளின் நகையும், மிச்சத்துக்கு வட்டியும். அந்நாட்டு வேலை முகவர் ஊழியரிடம் பெறக்கூடிய கட்டணம் அதிக அளவாக இரண்டு மாதச் சம்பளம் என்று அங்கே வரம்பு உண்டு. ஆனால் அந்த வரம்பு நம் ஊர்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேரம் பேசுகிறவரை எட்டுவதில்லை. கொடுத்ததற்குச் சீட்டும் இல்லை. கடன் அடையும் வரை ஞாயிறுகளை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்க்கிறான் பிள்ளை. "வேலைக்குப் போகாவிட்டால் வெள்ளி போகும், போனால் ஞாயிறு போகும், மாமா" என்று அவன் விளையாட்டாகத்தான் சொன்னான்.

மறுநாள் திங்கள், தீபாவளிக்கு ஈடான பொது விடுமுறை. தோழரின் குழந்தைகள் கடற்கரைக்குப் போக ஆயத்தமானார்கள். மருமகன் விடிவதற்கு முன்பே லாரியின் பின்புறத்தில் அமர்ந்து வேலைக்குப் போனான். அதிகாலையில் கட்டிய சோற்றை நண்பகலில் பிரித்துத் தின்றுவிட்டு, "சாப்பிட்டாயிற்று மாமா" என்று செய்தி அனுப்பினான். எந்தச் சோறு என்று அக்காளிடம் நான் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, அதே பகுதியில் தனியார் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழகத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். கூட்டம் கொதித்தது. வண்டிகள் எரிந்தன. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அந்நகரம் அறியாத கலவரம் அது. பின்னர் அங்கே மதுவுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. 2020 ஏப்ரலில் நச்சுக்காய்ச்சல் விடுதிகளில் பரவியபோது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வெளியே வர இயலாமல் அடைக்கப்பட்டனர். நகரம் திறந்து நெடுநாள் ஆன பின்பும் அவர்கள் வெளியில் போக அனுமதி பெற வேண்டியிருந்தது. அதை அனுபவித்தவர் ஒருவர் மருமகனின் அறையில் இருக்கிறார். "எல்லா நாளும் விடுமுறைதான் அண்ணே. ஆனால் ஒரு ஞாயிறுகூட இல்லை" என்றார்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு 2013 முதல் வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அந்நாடு விதி செய்தது. வேண்டுமானால் ஓய்வுக்குப் பதில் பணம் பெற்றுக் கொள்ளலாம் என்றும் வைத்தது. நடந்தது என்ன? பலருக்கு ஓய்வு பணமாக மாறியது. ஆகவே 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்துக்கு ஈடாக்கக் கூடாது, ஓய்வாகவே தரவேண்டும் என்று திருத்தினார்கள். நான் அறிந்த விடுப்பு விதிகளிலெல்லாம் இந்தச் சிறிய விதியைப் போல் என் மனத்தைத் தொட்டது வேறில்லை. வெள்ளியால் வாங்க முடியாத ஒரு ஞாயிறு! நாலு பெண்மக்கள் கோயில் மண்டபத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர்களில் ஒருத்தி தஞ்சைப் பேச்சில் பேசினாள். மாதத்தில் அவளுடைய ஒரு நாள் அதுவாக இருக்கலாம்.

ஊர் திரும்பிய பின் நானும் அக்காளும் சேர்ந்து கடனை வேறு வகையில் மாற்றி அடைக்க ஏற்பாடு செய்தோம். வட்டி குறைந்தது. இப்பொழுது மருமகன் மாதத்தில் இரண்டு ஞாயிறு மரத்தடிக்குப் போகிறான். நம் காலனியிலும் பிள்ளைகளை அக்கரைக்கு அனுப்பும் எண்ணத்தோடு சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அடிப்படை நாட்கூலி எவ்வளவு, தரகருக்குப் போவது எவ்வளவு, அதற்குச் சீட்டு உண்டா, அந்தத் தொகை எத்தனை ஞாயிறு என்று வகுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வகுக்கத் தெரியாவிட்டால் என் வீட்டுக்கு வாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் இருப்பேன்.

கடைசியாகச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அக்கரைக்குப் போகாமலே அந்த மரத்தடியைத் தேடுகிறவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் லாரிகளோடு வரும் பிள்ளைகளை நீங்கள் நெடுஞ்சாலையோரம் கண்டிருப்பீர்கள். மாதக்கணக்கில் லாரியிலேயே படுக்கை, லாரியடியிலேயே சமையல். நம் தண்டவாளப் பகுதியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, இந்தி பிடிபடாமல், காலனியில் வீடும் கிடைக்காமல் இருக்கும் தமிழ் இளைஞர் சிலரும் உண்டு. இவர்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள் அல்லர். நம் மண்டபமோ விழா நாட்கள் தவிர மற்ற ஞாயிறுகளில் பூட்டிக் கிடக்கிறது. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி முதல் எட்டு மணி வரை அதைத் திறந்து வைப்போம். நாளிதழ் இரண்டு, பாய் நான்கு, குடிதண்ணீர், அலைபேசிக்கு மின்னேற்ற நாலு இணைப்பு, இவ்வளவு போதும். சாம்பார் சாதம் யார் வீட்டிலிருந்தாவது வந்தால் வேண்டாமென்று யாரும் சொல்லப் போவதில்லை.

மின்கட்டணம் பற்றிப் பொருளாளர் அவர்கள் கவலைப்படுவார்கள். கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் காட்டுகிறேன். மண்டபத்தின் சாவியை என்னிடம் கொடுத்தால், வரும் ஞாயிறே திறந்து வைக்கிறேன்.